கோப்பு யார் வீட்டுச் சொத்து, தம்பிகளா?



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு வரி போட்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். இன்று ஒரு அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர். "ஆர்.டி.ஐ. போடுறவன்ல பாதிப் பேர் பிளாக்மெயில் பார்ட்டி டீச்சர், மீதிப் பேர் வேலைவெட்டி இல்லாதவங்க" என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். தட்டியவர்களில் பலர் அரசு வேலையில் இருப்பவர்கள் என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

நானும் ஓய்வு பெற்று வேலைவெட்டி இல்லாமல்தான் இருக்கிறேன், அதனால் பதில் எழுத நேரம் இருக்கிறது. நீளமாகத்தான் வரும். வகுப்பில் என் பாடம் மணி அடித்த பிறகும் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

முதலில் சட்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 6(2) என்ன சொல்கிறது தெரியுமா? தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடர்பு கொள்ளத் தேவையான முகவரி போதும், வேறு சொந்த விவரம் எதுவும் கேட்கக் கூடாது. அப்படியிருக்க, மனு வந்தவுடன் "இது யார், எந்தக் கட்சி, என்ன உள்நோக்கம்" என்று விசாரிக்கிறீர்களே, அந்த விசாரணைக்கு உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில், மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டது. 6(2)-ஐ நாடு முழுக்க எடுத்துக் காட்டினார்கள். சில நாட்களிலேயே அந்தப் பத்திகளை நீதிமன்றம் தானாகவே நீக்கிக்கொண்டது. நீதிபதிகளே திருத்திக்கொண்டதைத்தான் நம் அலுவலகங்களில் இன்றும் உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் யாரோ டெல்லியில் உட்கார்ந்து போட்ட பிச்சை என்று நினைக்க வேண்டாம். 1975-ல் ராஜ் நாராயண் வழக்கில், பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய ஒரு புத்தகத்தைக் காட்டலாமா கூடாதா என்ற சண்டையில், அரசு ஊழியர்கள் பொதுப்பணியாகச் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்ற நீதிபதி மேத்யூ எழுதினார். அதிலிருந்து சட்டம் வர 30 ஆண்டு ஆனது. நடுவில் ராஜஸ்தானில் கூலிவேலை செய்யும் ஜனங்கள்தான் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அருணா ராயும் அவர் தோழர்களும் சேர்ந்து நடத்திய அமைப்பு, ஊர் ஊராக மஸ்டர் ரோலை வாங்கி, பந்தல் போட்டு, எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தது. செத்தவன் பெயரில் கூலி, ஊரிலேயே இல்லாதவன் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்ட் பில். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் "எங்கள் பணம், எங்களுக்குக் கணக்கு" என்று உட்கார்ந்தார்கள். அவர்களையும் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்பாயா தம்பி? ஒருநாள் உட்கார்ந்தால் ஒருநாள் கூலி போகும் அவர்களுக்கு.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலில் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் நாம்தான், 1997-ல். ஆனால் அந்தச் சட்டத்தில் "தர மறுக்கலாம்" என்ற பட்டியல்தான் நீளம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். இந்த நாலைந்து வருஷத்தில் எங்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன், அதனால் பதில்கள் எல்லாம் என் பீரோவில் இருக்கின்றன. பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டால் என்ன நடக்கும்?

மாவட்ட அலுவலகத்துக்குப் போடுகிறோம். பிரிவு 6(3)-ன்படி "தங்கள் மனு உரிய அலுவலருக்கு மாற்றி அனுப்பப்படுகிறது" என்று ஒரு தாள் வரும். 5 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம். எனக்கு வந்ததில் பெரும்பாலானவை 25-வது நாள் கையெழுத்தானவை. அது கோட்டத்துக்குப் போகும். கோட்டத்திலிருந்து வட்டத்துக்கு. வட்டத்திலிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. அவர் போன் போட்டு, "டீச்சர், இது எங்கிட்ட இல்ல, மேல ஆபீஸ்லதான் இருக்கு" என்பார். மேலே இருந்து கீழே, கீழே இருந்து மேலே. எங்கள் கண்மாய் வரத்துக்கால் ஆக்கிரமிப்பு சம்பந்தமான ஒரே ஒரு மனு இப்படி நான்கு அலுவலகம் சுற்றிவிட்டு, கடைசியில் நான் முதலில் அனுப்பிய அலுவலகத்துக்கே "தங்கள் அலுவலகம் தொடர்புடையது" என்ற குறிப்புடன் போய்ச் சேர்ந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் அவ்வளவு ஒழுங்காக வந்திருந்தால் நான் மனுவே போட்டிருக்க மாட்டேன்.

அடுத்த ரகம், "தங்கள் வினா கேள்வி வடிவில் உள்ளது, எனவே தகவல் என்ற வரையறைக்குள் வராது." இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சட்டம் பதிவேட்டில் இருப்பதைத்தான் தரச் சொல்கிறது, ஏன் எதற்கு என்று விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. அதற்காக, "என் மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு கிழவர் எழுதினால், அதுவும் கேள்வி என்று திருப்பி அனுப்புவதா? அவர் கேட்பது அந்தக் கோப்பின் நகலை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இலக்கணம் பார்க்கிறீர்கள். தமிழ்த் தேர்வில் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று, பிரிவு 7(9). கேட்ட வடிவில் கொடுத்தால் அலுவலக வளங்கள் அளவுக்கு மீறித் திசைதிரும்பும் என்றால் வேறு வடிவில் கொடுக்கலாம் என்பதற்கான பிரிவு அது. வேறு வடிவில் கொடுக்கத்தான் சொல்கிறது, கொடுக்காமல் இருக்கச் சொல்லவில்லை. ஆனால் பதிலில் அது எப்போதும் மறுப்பாகவே வருகிறது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

என்னோடு ஒரே பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷம் காலமானார். உங்களில் பலருக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வயது 71. குடும்ப ஓய்வூதியம் வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது. சாருக்குச் சிறப்புநிலை கொடுத்த ஊதிய நிர்ணயம் பணிப்பதிவேட்டில் ஏறியதா, ஏறியும் ஓய்வூதியக் கருத்துருவில் விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பணிப்பதிவேட்டின் நகல் வேண்டும். வாய்மொழியாக ஏழு தடவை போனார். "அந்த செக்‌ஷன் ஆள் லீவு", "பீரோ சாவி இல்லை", "அடுத்த வாரம் வாங்கம்மா." பஸ் இறங்கி அந்த மாடிப்படி ஏற அவருக்கு முழங்கால் இடம் கொடுக்காது.

நான் மனு எழுதிக் கொடுத்தேன். 30 நாளில் பதில் வர வேண்டும். 43-வது நாள் வந்தது. "கோரப்பட்ட தகவல் மூன்றாம் நபர் தொடர்பானது, பிரிவு 8(1)(ஜே)-ன்படி வழங்க இயலாது." அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்ட மனைவிக்குப் புருஷன் மூன்றாம் நபர். மூன்றாம் நபரின் தகவலைத் தர நினைத்தால் அவருக்கு அறிவிப்பு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 11. சாரிடம் போய் யார் கேட்பது? மறுக்கும்போது காரணத்தையும், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும் என்று 7(8) சொல்கிறது. இரண்டாவது விவரம் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாளை அக்கா என் கையில் கொடுத்துவிட்டு, "நான் அவருக்கு யாருன்னு கேக்குறாங்களா டீச்சர்?" என்றார். அதை எழுதிய கை என் மாணவர் யாருடைய கையாகவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

முதல் மேல்முறையீடு போட்டோம். அதை விசாரிப்பவர் யார்? அதே அலுவலகத்தில் அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர். 30 நாளில் முடிக்க வேண்டும், காரணம் எழுதி வைத்து அதிகபட்சம் 45 நாள். பதிலே இல்லை. பிறகு சென்னைக்கு, மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. வழக்கு எண் வந்தது. அதோடு 14 மாதம் ஆகிறது, விசாரணை தேதி வரவில்லை. இங்கேதான் சட்டத்தின் பெரிய ஓட்டை: முதல் மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு வைத்தவர்கள், இரண்டாம் மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதாமலே விட்டுவிட்டார்கள். கீழே இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். "கமிஷன்ல பாத்துக்கலாம்" என்று அவர் தைரியமாகச் சொல்வது அதனால்தான். பிரிவு 20-ன்படி நாளுக்கு 250 ரூபாய், உச்சபட்சம் 25,000 ரூபாய், அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் என்று இருக்கிறது. நூறு நாளில் உச்சவரம்பு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆயிரம் நாள் இழுத்தாலும் அதே தொகைதான், அதுவும் போட்டால்தானே.

அந்த ஆணையத்தின் முதுகெலும்பையும் 2019-ல் ஒரு திருத்தத்தால் வளைத்துவிட்டார்கள். ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று சட்டத்திலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டு, பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு விதி போட்டு முடிவு செய்யும் என்றார்கள், மாநில ஆணையர்களுக்கும் சேர்த்து. பிறகு வந்த விதியில் 3 ஆண்டு ஆனது. தலைமையாசிரியரின் இன்கிரிமெண்டை மாணவன் நிர்ணயித்தால் அந்த மாணவனுக்கு யார் ஃபெயில் போடுவார்?

இதைவிட மோசமானது 8(1)(ஜே)-க்கு இப்போது நடந்திருப்பது. பழைய வாசகப்படி, தனிப்பட்ட தகவலை எப்போது மறுக்கலாம்? பொதுப்பணிக்கும் பொதுநலனுக்கும் தொடர்பே இல்லாததாக இருந்தால், அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாக இருந்தால். அதோடு ஒரு காவல் வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)-வது பிரிவால் இதையெல்லாம் வெட்டிவிட்டு, "தனிப்பட்ட தகவல்" என்ற இரண்டு சொல்லை மட்டும் மிச்சம் வைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பழைய வாசகம் இருந்தபோதே மனைவியை மூன்றாம் நபர் என்றவர்கள், இனி என்னவெல்லாம் சொல்வார்கள்! ராஜஸ்தானில் படித்த மஸ்டர் ரோலில் இருந்தது என்ன? பெயர்கள். பெயர் தனிப்பட்ட தகவல் என்று ஒருவர் எழுதிவிட்டால் எந்த ஊர்க் கணக்கையும் எவரும் சரிபார்க்க முடியாது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் "கொடுக்கலாம்" என்று இருப்பதை நம் அலுவலகம் எப்படிப் படிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரி, தம்பி சொன்ன பிளாக்மெயிலுக்கு வருகிறேன். இருக்கிறார்கள். மனு போட்டுவிட்டு ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசும் ஆட்கள் எங்கள் ஊரிலும் உண்டு, பெயரும் தெரியும். ஆனால் ஒன்று யோசி. அவன் கையில் இருக்கும் தாளுக்கு ஏன் விலை இருக்கிறது? வேறு யார் கையிலும் அது இல்லை என்பதால். பிரிவு 4(1)(பி) 17 வகை விவரங்களை யாரும் கேட்காமலே நீங்களாக வெளியிட வேண்டும் என்கிறது. சட்டம் வந்து 120 நாளுக்குள் செய்திருக்க வேண்டும். 2005-ல் பிறந்த பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிட்டது, பல அலுவலகங்களில் இன்னும் பழைய அலுவலர் பெயரும் வேலை செய்யாத தொலைபேசி எண்ணும்தான் அந்தப் பக்கத்தில் தொங்குகின்றன. டெண்டர் நகலையும் அளவைப் புத்தகத்தையும் பலகையில் ஒட்டிவிடு. மறுநாள் அந்த பிளாக்மெயில்காரன் வேறு தொழில் தேடுவான்.

அதே மூச்சில் இன்னொரு வகை மனுதாரரையும் சொல்ல வேண்டும். புனே பக்கம் நில மோசடிகளைத் தோண்டிய சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் காலை நடைப்பயிற்சியின்போது வெட்டிக் கொல்லப்பட்டார். கிர் காட்டோரச் சட்டவிரோதச் சுரங்கங்களைக் கேள்வி கேட்ட அமித் ஜேட்வா அதே ஆண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுடப்பட்டார். இவர்கள் உயிரோடு இருந்தபோதும் "வேலைவெட்டி இல்லாதவர்கள்" என்றுதான் யாராவது ஒரு அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள்.

பணிச்சுமை? அதை நான் மறுக்கவில்லை. மூன்று இருக்கைக்கு ஒரு உதவியாளர், இரண்டு வருஷமாக நிரப்பாத பணியிடம், அதற்கு நடுவே தேர்தல் வேலை. உங்கள் கஷ்டம் தெரியும். உச்ச நீதிமன்றம்கூட 2011-ல் ஒரு தீர்ப்பில், 75 சதவீத ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் திரட்டுவதிலேயே செலவிடும் நிலையை நாடு விரும்பவில்லை என்று சொன்னது. அந்த வரியை நீங்கள் பதில்களில் அழகாக எடுத்துப் போடுகிறீர்கள். அது என்ன வழக்கு என்று பார்த்தீர்களா? ஒரு மாணவன் தன் விடைத்தாளைக் காட்டச் சொல்லி மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு போட்ட வழக்கு. தீர்ப்பு அந்த மாணவன் பக்கம். திருத்திய விடைத்தாளைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு என்றது. நான் ஆயிரக்கணக்கில் தாள் திருத்தியவள். அந்தத் தீர்ப்பு வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையிலும் முணுமுணுத்தார்கள், இனி ஒவ்வொரு மார்க்குக்கும் சண்டைக்கு வருவார்கள் என்று. நடந்தது என்ன? கூட்டலைக் கவனமாகப் போட ஆரம்பித்தோம்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்று எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. காணாமல் போனது என்பது மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம், தேடிப் பார், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரி என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கோப்பு முடியும்போதே அதற்கு ஆயுள் எழுதுகிறீர்கள், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்து ஆண்டு. அழித்திருந்தால் அழித்த பதிவேட்டில் வரி இருக்க வேண்டும். அந்த வரியின் நகலைக் கொடுங்கள், நாங்கள் நம்புகிறோம்.

மனு போடும் பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும்: "ஏன் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். உங்கள் மனு பதிவான தபால் பதிவேட்டுப் பக்கம், சம்பந்தப்பட்ட உதவியாளரின் தன்பதிவேட்டில் உங்கள் மனு ஏறிய பக்கம், நடப்புக் கோப்பு, குறிப்புக் கோப்பு, இவற்றின் சான்றிட்ட நகல் என்று கேளுங்கள். குறிப்புக் கோப்பைத் தர முடியாது என்பார்கள், விடாதீர்கள். 2006-ல் குறிப்புகளைச் சட்டத்திலிருந்து விலக்கத் திருத்தம் கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் மத்திய அரசு கைவிட்டது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய், ஆனால் 30 நாள் தாண்டிவிட்டால் இலவசமாகத் தர வேண்டும், பிரிவு 7(6). நேரில் பார்வையிடவும் கேட்கலாம். போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பார்த்த பக்கத்தின் எண்களை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை காலையில் உங்கள் மேசையில் கிடக்கும் மனுக்களில் மிகப் பழையதை எடுங்கள். மாற்றி அனுப்பாமல், பிரிவு எண் தேடாமல், அந்தக் கோப்பைத் திறந்து ஜெராக்ஸ் போட்டு அனுப்புங்கள். அதில் உங்களுக்கு முன்னால் இருந்தவர் செய்த தவறு இருக்கலாம். அது அவருடையது, நீங்கள் மூடி மறைத்த பிறகுதான் உங்களுடையது ஆகிறது. வாட்ஸ்அப்பில் எழுதிய தம்பி, நீயும்தான். போன் பண்ணு, கோபமாகவே பண்ணு, பேசுவோம்.

அக்காவுக்காகப் புதிதாக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வாரிசுச் சான்றிதழ் நகலையும் இணைத்து, நேரில் பார்வையிட நாள் கேட்டிருக்கிறேன். மாடிப்படி ஏறக் கைத்தாங்கலாக ஒருவர் வேண்டும். நம் பள்ளி ஆட்கள் உள்ளூரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணையில் மனு எழுதித் தருவேன். பழைய பதில் கடிதங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள், உறையோடு. தபால் முத்திரையில் தேதி இருக்கும். பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை இரண்டாக வாங்கி வாருங்கள், ஒன்று எப்படியும் ஒட்டும்போது கிழிந்துவிடுகிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்